சிவானி 1899, சென்டர் 1921: எது பெரிய பருவம்?

அமெரிக்கக் கால்பந்து வரலாற்றில் சிறு கல்லூரிகளின் சாதனை என்றதும் டென்னசியின் சிவானி அணியும் கென்டக்கியின் சென்டர் அணியும் நினைவுக்கு வருகின்றன. 1899இல் சிவானி 12 ஆட்டங்களிலும் வென்றது. எதிரணிகளின் மொத்தப் புள்ளிகள் 10, அவையும் ஆபர்ன் அணி ஒன்றே எடுத்தவை. நவம்பர் 9 முதல் 14 வரை ரயிலிலேயே ஊர் ஊராகச் சென்று, டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டுலேன், எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), மிசிசிப்பி ஆகிய ஐந்து அணிகளையும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் வீழ்த்தியது. இடையில் ஞாயிறு ஒன்றே ஓய்வு. குடிப்பதற்குச் சொந்த ஊர்ச் சுனைநீரைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்றிருந்தார்கள்.

சென்டரின் புகழோ பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் அடங்கியது. முந்தைய ஆண்டு தன்னை 31–14 எனத் தோற்கடித்திருந்த ஹார்வர்டை, 1921 அக்டோபர் 29 அன்று, தன் வீரர் போ மெக்மில்லின் பந்தைச் சுமந்து எல்லைக்கோட்டைக் கடந்ததால் 6–0 என வென்றது. வேதியியல் வாய்பாடுபோல் 'சி6எச்0' (சென்டர் 6, ஹார்வர்ட் 0) என வளாகத்தில் எழுதி வைத்தார்கள், குறும்புக்காரர்கள்! ஆயினும் பருவத்தின் இறுதியில், 1922 ஜனவரி 2 அன்று, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் அவ்வணி 22–14 எனத் தோற்றது.

எதிரியின் வலிமையை மட்டும் பார்த்தால் சென்டர். முழுப் பருவத்தை எடைபோட்டால், என் கணிப்பில், சிவானியே.