சம்பளத்தோடு விடுமுறை: முதலாளியின் கையிலா, பொது நிதியிலா?

யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிலாளியின் வீட்டில் நோயோ பிரசவமோ வந்தால் முதலில் அடிபடுவது மாதச் சம்பளம். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவிலும் சிகிச்சைக்குக் காசு கட்டவேண்டியதில்லை. ஆனால் கட்டிலில் கிடப்பவரும் அவருக்குத் துணையாக நிற்பவரும் வேலைக்குப் போகாத நாட்களுக்கு யார் சம்பளம் தருவது என்ற கேள்விக்கு இலவச சுகாதார சேவையிடம் பதில் இல்லை. முதலாளியே தருவது, தனியார் காப்புறுதியில் தேடுவது, தொழிலாளி தன் சேமிப்பை உடைத்துச் சமாளிப்பது, எல்லோரும் பங்களிக்கும் பொது நிதியிலிருந்து கொடுப்பது என நான்கு வழிகள் உள்ளன. நான்காவதே நமக்கு ஏற்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இலங்கையின் தனியார் துறையில் இன்று நடப்பது முதலாவது வழி. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலைசெய்யும் தாய்க்கு 84 வேலைநாள் மகப்பேற்று விடுமுறை உண்டு. வாராந்த விடுமுறையும் போயா நாட்களும் இதில் சேராது. முன்னர் மூன்றாவது பிள்ளையிலிருந்து அரைவாசியாகக் குறைந்த இந்த உரிமை, 2018 திருத்தத்தின் பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகியது. உரிமை நல்லது, அதன் முழுச் செலவையும் ஒரே முதலாளியின் தலையில் வைத்ததுதான் பிழை.

கஸ்தூரியார் வீதியில் ஐந்து பெண்கள் வேலைசெய்யும் ஒரு புடவைக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவர் பிரசவத்துக்குப் போனால், ஏறத்தாழ மூன்றரை மாதத்துக்கு 140,000 ரூபாயை அவருக்குக் கொடுத்து, அவருடைய இடத்துக்கு வருபவருக்கு இன்னொரு சம்பளத்தையும் முதலாளி கொடுக்கவேண்டும். பெரிய வங்கியொன்று இந்தச் செலவை உணரவே மாட்டாது. இந்தக் கடைக்கு அது ஒரு பண்டிகைக்கால இலாபத்தையே விழுங்கக்கூடியது. ஆகவேதான் வேலை கேட்டு வரும் பெண்ணிடம், அவருக்கு என்ன வேலை தெரியும் என்று விசாரிப்பதற்கு முன்பே, "தங்கச்சி, கலியாணம் முடிஞ்சுதோ? பிள்ளையள் இருக்கினமோ?" என்று கேட்கிறார்கள். பெண்ணைக் காக்க எழுதிய சட்டம் அவரை வேலைக்கு எடுக்காமல் விடுவதற்குக் காரணமாகிறது. இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தல்ல. இலங்கை 1993 இல் ஏற்றுக்கொண்ட, சர்வதேச தொழில் தாபனத்தின் 103 ஆம் இலக்க மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம், இந்தக் கொடுப்பனவின் செலவுக்குத் தனி முதலாளி பொறுப்பாகக் கூடாது என்றே சொல்கிறது.

அரச ஊழியரின் நிலை வேறு. முழுச் சம்பளத்தோடு 84 நாள் முடிந்தபின், அரைச் சம்பளத்தோடும் பிறகு சம்பளமின்றியும் மேலும் விடுமுறை எடுக்க அவர்களுக்கு வழியுண்டு. ஒரு பாடசாலை அதிபர் ஆசிரியையின் பிரசவத்தைத் தன் நட்டமாக எண்ணுவதில்லை. சம்பளம் திறைசேரியிலிருந்து வருகிறது. அரசாங்க உத்தியோகத்துக்காக நம் பெற்றோர் காட்டும் பிடிவாதத்தைக் குறைசொல்பவர்கள் இதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

தனியார் காப்புறுதி நீண்ட விவாதத்துக்கு உரியதல்ல. நிறுவனங்கள் ஊழியருக்கு எடுத்துக்கொடுக்கும் குழுக் காப்புறுதிகள் பெரும்பாலும் வைத்தியசாலைக் கட்டணத்துக்கே ஈடு தருகின்றன, இழந்த சம்பளத்துக்கு அல்ல. சேமிப்பை உடைக்கும் வழியும் அப்படித்தான்: ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதம் வரை வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ முன்கூட்டியே எடுக்கலாம் என்றாலும், முதுமைக்கு வைத்த பணத்தை முப்பது வயதில் எடுப்பது விதைநெல்லைக் குற்றி உண்பதுதான்.

பிரித்தானியாவில் ஓர் இடைவழி உண்டு. அங்கே மகப்பேற்றுக் கொடுப்பனவை முதலாளி கொடுத்துவிட்டு அரசிடமிருந்து மீளப்பெறுகிறார். பெரிய நிறுவனத்துக்கு 92 சதவீதமும், சிறு முதலாளிக்கு முழுத்தொகையும் அதற்குமேல் சிறு மேலதிகமும் கிடைக்கும். கேட்க அழகாக இருந்தாலும், நம் திணைக்களங்களில் மீள்கொடுப்பனவு வந்துசேரும் வேகத்தை அறிந்த கடைக்காரர் இதை நம்பி ஆளெடுப்பார் என்று நான் எண்ணவில்லை.

பொது நிதி எப்படி இயங்கும் என்பதை அறிய நாம் தூரம் போகத் தேவையில்லை. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், ஈ.எஸ்.ஐ. எனப்படும் இந்திய அரசின் ஊழியர் காப்புறுதித் திட்டத்துக்குத் தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். பதிலுக்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும், பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளமும் நிதியிலிருந்தே வருகின்றன. அதே தமிழ்நாட்டில், 21,000 இந்திய ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கி இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே தரவேண்டும். ஒரே உரிமையை இரண்டு வழிகளிலும் கொடுக்கும் அந்த ஊரில், எந்தப் பெண்ணை வேலைக்கு எடுக்க முதலாளி அதிகம் தயங்குவார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

கனடாவில் பொது நிதியாகவே இயங்கும் வேலைக் காப்புறுதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 15 வார மகப்பேற்றுக் கொடுப்பனவும் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் வாரங்களும் ஒருபுறமிருக்க, கடும் நோயுற்ற பெரியவரைப் பராமரிப்பவருக்கு 15 வாரமும், பிள்ளையைப் பராமரிப்பவருக்கு 35 வாரமும் அதில் கிடைக்கின்றன. சம்பளத்தின் 55 சதவீதமே வரும் என்பதும் அதற்கும் உச்சவரம்பு உண்டு என்பதும் அதன் குறைகள். ஆனால் பராமரிப்பை ஓர் உரிமையாக ஏற்றதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் தனியார் துறைச் சட்டத்தில் அப்படியொன்று அறவே இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தாயைக் கீமோவுக்குத் தெல்லிப்பழைக்குக் கூட்டிப்போய், மருந்து ஏறி முடியும்வரை காத்திருந்து, மறுநாள் வாந்தியோடு கிடப்பவருக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்கும் மகளிடம் இருப்பது, ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் மட்டுமே. அவை முடிந்தபின் ஒவ்வொரு பயணமும் சம்பள வெட்டு. ஆகவே நமக்கு வரும் திட்டம், பராமரிப்பு விடுமுறையைத் தொடர்ச்சியாக அன்றி ஒவ்வொரு நாளாகவும் எடுக்க இடம்தரவேண்டும்.

இன்னொரு நிதியா என்ற அச்சம் நியாயமானது. 2023 இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த பிணைமுறிகளும் சேர்க்கப்பட்டதைத் தொழிலாளர் மறக்கவில்லை. ஆனால் சேமலாப நிதி பல ஆண்டுகள் குவிந்துகிடக்கும் பெருந்தொகை. விடுமுறை நிதியோ வரும் பணத்தைப் பெரும்பாலும் அந்தந்த ஆண்டிலேயே கொடுத்துவிடுவது. அரசு கைவைக்கக் குவியல் குறைவு. தொழிலாளரும் முதலாளிமாரும் அதன் சபையில் சமமாக அமர்ந்து கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டால் நம்பிக்கை வளர இடமுண்டு.

இதைவிடக் கடினமானது, சேமலாப நிதிக்கே பெயர் பதியாமல் கையில் சம்பளம் கொடுக்கும் கடைகள். பங்களிப்பு இல்லையேல் கொடுப்பனவு இல்லை என்று விதித்தால், அதிகம் தேவையுள்ள பெண்களே வெளியே நிற்பார்கள். வேலைசெய்ததற்கான சான்று இருந்தாலே தொழிலாளிக்குக் கொடுப்பனவு கிடைக்கவேண்டும். கட்டாமல் விட்ட பணத்தைத் தண்டப்பணத்தோடு முதலாளியிடம் அறவிடுவது தொழில் திணைக்களத்தின் வேலையாக இருக்கட்டும்.