நீண்ட வார இறுதிக்கு ரொட்ரிகஸா, ரீயூனியனா?

மொரீஷியஸிலிருந்து முக்கால் மணி நேரம் பறந்தால் வெளிநாடு. ஒன்றரை மணி நேரம் பறந்தால் சொந்த நாடு. மேற்கே இருக்கும் ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் மாவட்டம், அங்கே யூரோ. கிழக்கே இருக்கும் ரொட்ரிகஸ் நம் மொரீஷியஸ் குடியரசைச் சேர்ந்தது, 2002 முதல் தன்னாட்சி பெற்றது, நம் ரூபாயே செல்லும். கடலில் குளிக்க விரும்புகிறவர்கள் எங்கேயும் போக வேண்டாம், அது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பழைய தேவாலயம், சிற்றூர், சந்தை என்று சுற்றப் பிடித்தவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் வரும்.

பரப்பளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரொட்ரிகஸ் ஏறத்தாழ 108 சதுர கிலோமீட்டர். மிக உயரமான லிமோன் மலையே 400 மீட்டரைத் தொடவில்லை. ரீயூனியன் 2,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் 3,000 மீட்டர் தாண்டிய பிதோன் தெ நேழ். அந்தத் தீவை ஒரே நாளில் காரில் வலம் வந்துவிட்டதாகப் பெருமை பேசுகிறவர்கள் நெடுஞ்சாலையை மட்டுமே பார்த்திருப்பார்கள்.

ரீயூனியனுக்குப் போவதென்றால் என் ஓட்டு கிழக்குக் கரைக்கு. அங்கே சேன்ட் ஆன் தேவாலயத்தின் முகப்பைப் பாருங்கள்: பூவும் கொடியுமாக, ஒரு சாண் இடத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்று கோபுரச் சிற்பிகளைப் போலவே பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். அழகா, அளவுக்கு மீறியதா என்று வீட்டில் சண்டை வரும்; எனக்குப் பிடிக்கும். அங்கிருந்து தெற்கே பிதோன் சேன்ட் ரோஸ். 1977 ஏப்ரலில் ஃபூர்நேஸ் எரிமலையின் குழம்பு வழக்கமான எல்லையைத் தாண்டி இந்த ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கியது. தேவாலயத்தின் வாசல்வரை வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இப்போது அதன் பெயரே எரிமலைக் குழம்பின் மாதா. நம்பிக்கை உள்ளவர் அதிசயம் என்பார், இல்லாதவர் நிலத்தின் சரிவு என்பார். இறுகிய கருங்குழம்பு இன்னும் சுவரை ஒட்டியே கிடப்பதால் இரு தரப்புக்கும் சாட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதே கரையில் நீலக் குடை பிடித்த மாதா ஒருத்தி உண்டு. எரிமலையிலிருந்து அப்பகுதியைக் காக்க நிறுத்தப்பட்டவள், எரிமலைக்காகவே ஒருமுறைக்கு மேல் இடம் மாற்றப்பட்டவள். இன்னும் தெற்கே போனால் 2007-இல் சாலையை மூடிக் கடலில் இறங்கிய குழம்பின் மேலேயே கார் ஓடும்.

வழியெங்கும் சிவப்புச் சிறுமாடங்கள் கண்ணில் படும். உள்ளே ரோமானியப் போர்வீரர் உடையில் புனித எக்ஸ்பெதித். காரியம் சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் அவரிடம்தான் போவார்கள். முடியாவிட்டால் சிலையின் தலையைத் துண்டிப்பவர்களும் உண்டு. ‘மலபார்’ என்று அங்கே அழைக்கப்படும் தமிழ் வம்சாவளியினரும் அவருக்குச் சிவப்புத் துணி சாத்துகிறார்கள். நம் ஊர் எல்லைச் சாமிகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சேன்ட் ஆந்த்ரேயில் கொலோஸ் என்ற தமிழ்க் கோவிலையும் இதே பாதையில் பார்த்துவிடலாம்.

மலைக்குள்ளே இருக்கும் சிலாவோஸ் ஊருக்குப் போக 400-க்கும் மேற்பட்ட வளைவுகள். அங்கும் தேவாலயம் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் யாரையும் வாந்தி எடுக்க வைக்க மாட்டேன்.

ரொட்ரிகஸில் பட்டியல் சிறியது. மலைமேல் சேன்ட் கேப்ரியல் தேவாலயம். பொய்ன்ட் கேனனில் கடலைப் பார்த்து நிற்கும் வெள்ளை மாதா சிலை. தலைநகர் போர்ட் மத்துரேன். சேன்ட் கேப்ரியலுக்கு அலங்காரம் ஏதுமில்லை. பருமன்தான் அதன் அழகு. 1930-களின் பிற்பகுதியில் தீவு மக்களே கரையிலிருந்து மணலும் பவளக் கல்லும் மேட்டுக்குச் சுமந்து கட்டியது. கரையிலிருந்து அந்த ஏற்றத்தில் ஒருமுறை நடந்து பார்த்தால் அந்த உழைப்பின் எடை காலுக்குத் தெரியும். ஞாயிறு பூசைக்குப் போனால் கூட்டமும் பாட்டும் சேர்ந்து கட்டடமே வேறாகிவிடும். 1989 அக்டோபரில் போப் இரண்டாம் ஜான் பால் வந்த கதையைப் பெரியவர்களிடம் கேளுங்கள், விடமாட்டார்கள்.

ஊர் என்ற வகையில் போர்ட் மத்துரேனுக்கே என் மதிப்பெண். சனிக்கிழமைச் சந்தைக்கு விடிந்ததும் போய்விட வேண்டும். தேன், எலுமிச்சை ஊறுகாய், குட்டி மிளகாய், காய்ந்த ஆக்டோபஸ் எல்லாம் கிடைக்கும், பிந்தினால் பாத்திரம் கழுவும் ஓசைதான் மிச்சம். ரீயூனியனின் சேன்ட் தெனி பெரிய நகரம். பாரிஸ் தெருவின் பழைய மாளிகைகள், கதீட்ரல், மசூதி, காளி கோவில் என எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். ஆனால் ஞாயிறு பிற்பகல் கடைகள் மூடிய பிறகு காலாற நடக்க மட்டுமே உதவும்.

தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியஸுக்கு வருகிற உறவினர்கள் கேட்டால் இரண்டையும் சொல்வதில்லை. சேன்ட் குவாவில் அருளாளர் லவால் பாதிரியாரின் கல்லறை, பக்கத்திலேயே கைலாசன் கோவில், பாம்ப்ளமூஸ் தேவாலயமும் தோட்டமும், கடைசியில் கேப் மல்லெரூவின் சிவப்புக் கூரைத் தேவாலயம் என்று வடக்கே ஒரு நாள் போதும். அந்தச் சிவப்புக் கூரை முன்னே கல்யாணப் படம் எடுப்பவர்களின் வரிசையைத் தாங்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

நம்மவர்களுக்கு: இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கையோடு வலப்பக்கச் சாலையில் ஓட்டத் துணிந்தவர் குடும்பத்தில் ஒருவராவது இருந்தால் ரீயூனியன், அதுவும் கிழக்குக் கரை மட்டும். முழங்கால் வலிக்கும் அத்தை, மாமாவோடு போவதென்றால் ரொட்ரிகஸ். அங்கே பஸ் மாலையிலேயே நின்றுவிடும் என்பதால் திரும்புவதற்கு வண்டியை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம், விமானம் ரத்தானால் இரண்டு தீவும் ஒன்றுதான்.