டிக்கெட் காசு திரும்பி வந்தது, ஆனால் எங்கள் கைக்கு வரவில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள், குறிப்பாக ஏஜெண்டிடம் ரொக்கம் கொடுத்து டிக்கெட் போடுபவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

திருச்சியில் தாய்மாமாவுக்குக் கருமாதி. அவசரத்தில் டவுன் கடை ஒன்றில் எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டேன். 1,460 வெள்ளி (ரிங்கிட்). அப்பா காலத்திலிருந்து பழகிய ஆள் என்பதால் ரசீதுகூடக் கேட்கவில்லை, துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்.

விமான நிலையம் போனால் இரவு 8 மணி விமானம் மறுநாள் காலை 6 மணிக்காம். கருமாதியே காலையில்தான்! கவுண்டரில் ஒரு பன்னும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்ததோடு சரி. ஊரில் கொடுக்க வாங்கிய கோடாலித் தைலத்தில் ஒன்றைத் திறந்து அம்மா அங்கேயே முட்டிக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார், நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய கால்.

இத்தனைக்கும் 2016-லிருந்தே பயணிகள் பாதுகாப்பு விதி இருக்கிறது. 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, போன், இண்டர்நெட் வசதி தர வேண்டும். 5 மணி நேரத்தைத் தாண்டி ராத்தங்க வேண்டி வந்தால் ஹோட்டலும் அங்கே போய்வர வண்டியும். 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரத் தாமதத்துக்கு 'பயணமே வேண்டாம், காசைக் கொடு' என்றும் கேட்கலாம், 30 நாளில் தர வேண்டும். ஹோட்டல் விஷயம் எனக்கு அன்றைக்குத் தெரியாது, கோட்டை விட்டேன். காசை மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அப்புறம்தான் கூத்து. ஒரு மாதமாக ஏஜெண்டுக்கு போன் போட்டால் "இன்னும் வரல தம்பி, ஏர்லைன்காரன் இழுத்தடிக்கிறான்" என்ற ஒரே பாட்டு. கடைசியில் ஏர்லைனுக்கே புகார் எழுதினேன், மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்பியாகிவிட்டது என்று பதில் வந்தது, கூடவே கார்டின் கடைசி நான்கு எண்கள். அது எங்கள் கார்டு இல்லை, ஏஜெண்டுடையது. எந்த வழியில் கட்டினோமோ அந்த வழியிலேயே பணம் திரும்ப வேண்டும் என்பதுதான் விதி, நல்ல விதிதான், ஆனால் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு அவர் தன் கார்டைத் தேய்த்திருந்தால் பணமும் அவரிடம்தானே போகும்?

அந்தப் பதிலைக் கடையில் காட்டியதும் முகம் மாறிவிட்டது. 1,310 வெள்ளி எண்ணி வைத்தார், 150 'சர்வீஸ்' என்றார். என்ன சர்வீஸ் அண்ணே என்றேன், பதில் இல்லை.

டிக்கெட் போட்டால் முடிந்தவரை உங்கள் கார்டிலேயே கட்டுங்கள். ரொக்கம்தான் என்றால் முழு ரசீது வாங்குங்கள், காசு திரும்பினால் எத்தனை நாளில் தருவார் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏர்லைன் காசு தர மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார், சரிவரவில்லை என்றால் 'காம்' (CAAM) என்கிற சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு (முன்பு 'மாவ்கோம்' என்ற விமான ஆணையம் பார்த்த வேலை, 2025 ஆகஸ்ட்டிலிருந்து காம் பார்க்கிறது). ஏஜெண்ட் ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை.

மீதி 150-க்கு அங்கேதான் மனு போட்டிருக்கிறேன். "போகட்டும் விடுடா, தெரிஞ்ச மனுஷன்" என்கிறார் அம்மா. தெரிந்த மனுஷன் என்பதால்தான் விடப் போவதில்லை.