எண்ணெய் ஊற்றுவதன் பேர் ‘ஓவராயில்’ இல்லை: மதுரையில் ஒரு கடிகார ரிப்பேர் கடை

கடையின் பேரைக் கேட்காதீர்கள். பலகையும் கிடையாது, பெரியவரும் "எழுதுறதுன்னா எழுதுங்க தம்பி, பேரு மட்டும் வேணாம், இருக்கிற வேலையே முடியல" என்று சொல்லிவிட்டார். மேலமாசி வீதிப் பக்கம் போய், சாவி கொடுக்கிற கடிகாரம் பார்ப்பவர் யார் என்று இரண்டு வாட்ச் கடையில் கேட்டால் மூன்றாவது கடைக்காரர் கை காட்டுவார், நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

கொண்டுபோனது அப்பத்தா வீட்டுச் சுவரில் இருந்த அன்சோனியா. எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய, மணி அடிக்கிற பெண்டுலம் கடிகாரம். அது நின்று ரொம்ப வருஷம் ஆயிற்று. போன வருஷம் எங்கள் ஏரியாவில் ஒரு வாட்ச் கடையில் கொடுத்தேன், "ஓவராயில் பண்ணிட்டா ஓடிரும் சார்" என்றார்கள், 600 ரூபாய், மறுநாளே கிடைத்தது, ஓடவும் ஓடியது. நான்கு மாதம். அப்புறம் முதலில் மணி அடிப்பது நின்றது, அடுத்த வாரம் முள்ளும் நின்றது. முழுசாகப் பிரித்து மாட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஓவர்ஹால்’ (overhaul), அதைத்தான் மெக்கானிக் பட்டறைகளில் ஓவராயில் என்று சொல்வார்கள், அந்தக் கடைக்காரர் அந்த வார்த்தையைக் காதில் விழுந்தபடியே எடுத்துக்கொண்டு மேலே எண்ணெயை ஊற்றிவிட்டார் போல.

பெரியவர் பின்பக்கத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் அடித்திருக்கிறார்கள். பித்தளை பளபளவென்று இருக்கும், பார்க்கிற நமக்கும் திருப்தியாக இருக்கும், ஆனால் சக்கரத்தின் அச்சு நுனி உட்காருகிற சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் இருக்கும் பழைய கசடு போகாது. புது எண்ணெய் அதோடு கலந்து, தூசியும் சேர்ந்து, உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். பல்லுக்கெல்லாம் எண்ணெய் விட்டிருந்ததைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். சக்கரப் பல் காய்ந்துதான் இருக்க வேண்டுமாம், எண்ணெய் வேண்டியது அச்சு நுனிக்கும், டிக் டக் என்று பல்லைப் பிடித்து விடுகிற அந்தக் கொக்கியின் முகத்துக்கும் தான், அதுவும் ஊசி முனையில் எடுக்கிற அளவு.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார். அச்சு அந்த ஓட்டைக்குள் ஆடுகிறது. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை ஸ்ப்ரிங் தள்ளுகிற பக்கமாகத் தேய்ந்து கோழிமுட்டை மாதிரி ஆகியிருந்தது. அதனால் சக்கரம் விலகி, பல்லும் பல்லும் சரியாகச் சேராமல், விசை வழியிலேயே வீணாகிறது. "இது அழுக்குல நிக்கல தம்பி, தேஞ்சு நிக்குது" என்றார். சில ஓட்டைகளைச் சுற்றி யாரோ எந்தக் காலத்திலோ உளியால் குத்தி, பித்தளையை நெருக்கி, ஓட்டையைச் சின்னதாக்கப் பார்த்த தடமும் இருந்தது. சரியான வைத்தியம், ஓட்டையைப் பழைய மையத்திலேயே பெரிதாக்கி, புஷ் என்கிற சின்னப் பித்தளை வளையத்தைப் புதிதாக இறக்குவது. என் கடிகாரத்தில் ஏழு இடத்தில் இறக்கினார்.

ஸ்பேர் வாங்கிப் போட முடியாதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அன்சோனியா அமெரிக்கக் கம்பெனி, நியூயார்க்கில் புரூக்ளினில் தொழிற்சாலை, 1929-ல் மிஷின்களையெல்லாம் சோவியத் ரஷ்யாவுக்கு விற்றுவிட்டார்கள், அதை வைத்து மாஸ்கோவில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கினார்கள். இதெல்லாம் நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் சொன்ன பதில் "கம்பெனியே இல்ல, ஸ்பேருக்கு எங்க போறது", அவ்வளவுதான். செத்துப்போன கடிகாரங்கள் ஒரு சாக்கு நிறைய வைத்திருக்கிறார், தேவையானதை அதிலிருந்து எடுப்பார், இல்லாததை லேத்தில் கடைந்துகொள்வார்.

மெயின் ஸ்ப்ரிங்கைக் கழற்றும்போது மட்டும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். இந்த மாடலில் ஸ்ப்ரிங்குக்கு டப்பா கிடையாது, திறந்தபடி இருக்கும். முறுக்கை மெதுவாக இறக்காமல் பிளேட்டைத் திறந்தால் விரலைப் பதம் பார்த்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தாலும் பக்கத்துச் சக்கரத்தின் பல்லை உடைத்துவிட்டுத்தான் போகும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே கழற்றலாமா என்று யோசித்திருந்த நான் அன்றோடு அந்த ஆசையை விட்டேன்.

சரி, இனி குறைகள். மூன்று வாரம் என்றார், மூன்றரை மாதம் ஆனது. போன் எடுக்க மாட்டார், நேரில் போனாலும் பாதி நாள் கடை பூட்டியிருக்கும். 3,500 என்று ஆரம்பித்து, கேட்காமலே 4,200 ஆக்கினார். ஏழு புஷ் வேலைக்கு அது அதிகம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். பில் கிடையாது. இந்தத் தாமதத்தில் இரண்டு வாரம் மட்டும் நியாயமானது, ஏனென்றால் முடித்த கடிகாரத்தைக் கடைச் சுவரில் மாட்டி ஓடவிட்டுப் பார்க்கிறார். சாவி கொடுத்த முதல் நாள் எந்தக் கடிகாரமும் ஓடும், ஸ்ப்ரிங் தளர்ந்துபோன ஏழாவது எட்டாவது நாளும் ஓடுகிறதா என்பதுதான் கணக்கு. மிச்ச மூன்று மாதம் சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது என்றுதான் நினைக்கிறேன்.

டயலைத் தொடவே இல்லை. தகரத்தில் ஒட்டிய காகித டயல், பழைய கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்ததில் IIII என்ற நான்கு மங்கிவிட்டது, அதைத் திரும்ப எழுதித் தர முடியுமா என்றதற்கு முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் புது டயல் ஒட்டித் தருகிறேன் என்று கிளம்புகிறவர்களைவிட இது மேல்.

வீட்டில் மாட்டியதும் பத்து நிமிஷத்தில் நின்றது! கோபமாகத்தான் போன் செய்தேன், அதிசயமாக எடுத்தார். சத்தத்தைக் கேட்கவிடச் சொன்னார். டிக்-டக்... டிக்-டக்... என்று இரண்டிரண்டாக விழுந்தது. "நொண்டுது பாருங்க, அடியில ஒரு பக்கமா நகட்டுங்க." பெட்டியின் அடிப்பக்கத்தை ஒரு நூல் இடப்பக்கம் தள்ளினேன், டிக், டக், டிக், டக் என்று இடைவெளி சமமானது. அன்றிலிருந்து நிற்கவில்லை. நாளைக்கு நான்கு நிமிஷம் முந்தியது, பெண்டுலத்துக்குக் கீழே இருக்கும் திருகை இறக்கி இறக்கிப் பார்த்ததில் இப்போது வாரத்துக்கு ஒரு நிமிஷத்துக்குள் இருக்கிறது. ரொம்பத் திருகிவிடாதீர்கள், 25 செ.மீ. பெண்டுலம் என்றால் நாளைக்கு ஒரு நிமிஷம் மாற்ற மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் போதும்.

நடுவில் ஒருநாள் என் பையன் முள்ளை வேகமாகச் சுற்றிவிட்டதில், கடிகாரம் நான்கு மணிக்கு ஏழு அடித்தது. இந்த வகையில் மணிக் கணக்கு தனிச் சக்கரத்தில் ஓடுகிறது, முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் ஒரு கம்பியை விரலால் தூக்கித் தூக்கி, அடிக்கவிட்டு, முள் காட்டும் மணிக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் கடையிலேயே சொல்லித் தந்திருந்தார்.

போகிறவர்கள் பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அது தொங்குகிற மெல்லிய தகடு பஸ்ஸிலேயே மடங்கிவிடும். சாவியையும் மறக்காதீர்கள், நான் மறந்து திரும்ப ஒரு நடை நடந்தேன். காலை பத்தரைக்கு மேல், ஒரு மணிக்கு முன்னால் போனால் ஆள் இருப்பார்.