குளிப்பாட்ட வரும் ஆயா: எதற்குக் கூப்பிடலாம், எதற்கு மறுக்கலாம்

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிரசவமான வீடுகளுக்குக் குழந்தையைக் குளிப்பாட்ட வரும் ஆயாக்களுக்குப் போர்டும் கிடையாது, ரேட் கார்டும் கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆள் கிடைக்கும். ஆர்.எஸ்.ஆர்.எம். அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்த தலைப்பிள்ளைக்காரிக்கு, அதுவும் அம்மா உடன் இல்லாதவளுக்கு, இது பெரிய துணை.

கைதேர்ந்த ஆயா முதலில் தொப்புளைத்தான் பார்ப்பார். கொடி உதிர்ந்து புண் காயும்வரை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அதற்குப் பிறகுதான் மணையில் உட்கார்ந்து காலை நீட்டுவார். இரண்டு பாதமும் சேர்ந்து குழந்தையின் தலைக்கு அணை. விளாவும்போது பச்சைத்தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. மாற்றி ஊற்றினால், கவனம் சிதறும் நேரத்தில் கொதிநீரையே மொண்டுவிட வாய்ப்புண்டு. சூட்டை முழங்கையால் பார்ப்பார். வேலை செய்து காய்த்த விரலுக்குச் சூடு தெரியாது. தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் ஒரு கை அணைகட்டும், மூக்கில் ஒரு சொட்டு இறங்காது.

ஆனால் கைப்பக்குவத்தைவிட முக்கியம், கற்றுக்கொடுக்கிறாரா என்பது. இரண்டாவது வாரத்தில் "நீ குந்தும்மா, நான் புடிச்சிக்கிறேன்" என்று மணையைத் தாயிடம் விடுகிறவரை விட்டுவிடாதீர்கள். கடைசி நாள்வரை தானே குளிப்பாட்டிவிட்டுப் போகிறவர் நின்றதும், தாய் குழந்தையைத் தூக்கவே பயப்படுவாள். பாலூட்டும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, காம்பு மட்டுமல்ல, கருவட்டமும் வாய்க்குள் போகிறதா, மோவாய் மார்பில் படுகிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். காம்பில் புண் வருவது பெரும்பாலும் இதில் கோட்டைவிடுவதால்தான். ஐந்தாம் நாளுக்குமேல் ஒரு நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று பொருள். இதைச் சொல்லித் தேற்றும் ஆயா தங்கம்.

மறுக்க வேண்டியவையும் உண்டு. மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். மூக்கில் ஊதுவது, குழந்தையின் மார்க்காம்பைப் பிதுக்குவது, ஒற்றை அறை வீட்டில் சாம்பிராணி, கண்ணுக்கு மை, எதுவும் வேண்டாம். உரைமருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீரும் கூடாது. 6 மாதம் தாய்ப்பால் மட்டும். "டாக்டர் வேணாம்னுட்டாங்க ஆயா" என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

கூலியை முதல் நாளே பேசிவிடுங்கள், தாய்க்கு எண்ணெய்க் குளியல் அதில் சேர்த்தியா என்பதையும். சிசேரியன் என்றால் தையல் ஆறும்வரை வயிற்றில் எண்ணெய் தேய்க்கக் கூடாது. குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சலோ, பால் குடிக்காமல் சோர்வோ இருந்தால் ஆயாவுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.