பினாங்கு வீட்டுப் பூட்டுக்கு எண்ணெயா, கிராஃபைட் தூளா?

பினாங்கின் கடற்காற்றில் சாவி திரும்ப மறுக்கத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் கையில் எடுக்கப்படுவது டபிள்யூடி-40 போன்ற எண்ணெய்த் தெளிப்பான்தான். ஹார்ட்வேர் கடையில் சிறு குப்பியில் கிடைக்கும் கிராஃபைட் தூள் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. பூட்டு எந்த உலோகத்தால் ஆனது, அது மழையில் நனையுமா என்பவை தெரியாமல் இவ்விரண்டில் எது மேல் என்று கூற இயலாது.

கிராஃபைட் என்பது கரிமமே. அதன் அணுக்கள் அறுகோண வலைபோல் பின்னிய தாள்களாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தாளுக்குள் பிணைப்பு மிக வலுவானது என்றாலும், ஏறத்தாழ 0.335 நானோமீட்டர் இடைவெளியில் அமைந்த தாள்களுக்கிடையே அது மெலிந்திருப்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குகின்றன. இந்த வழுக்கலுக்குக் காற்றிலுள்ள ஈரமும் துணைபுரிகிறது. வெற்றிடத்தில் கிராஃபைட் வழவழப்பை இழந்துவிடும். ஈரம் குறைந்த உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில், சுழலும் பகுதியை உரசி மின்சாரத்தைக் கடத்தும் கரித்தூரிகைகள் விரைந்து தேய்ந்ததும் இதனால்தான். ஆண்டு முழுவதும் புழுங்கும் பினாங்கில் அந்தக் கவலைக்கு இடமே இல்லை.

அடுக்குமாடி வீட்டின் வாசற்கதவில் உள்ள பித்தளை உருளைப் பூட்டுக்கு என் தேர்வு கிராஃபைட்தான். லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்ற இவ்வகைப் பூட்டில், சிறு ஊசிகள் சுருள்வில்களின் மீது ஏறி இறங்கினால்தான் சாவி திரும்பும். எண்ணெய் அங்கே தூசியைப் பிடித்து நாளடைவில் பிசினாக இறுகும். தூளோ உலர்ந்தே இருக்கும். விரலும் சட்டைப்பையும் கறுப்பாவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பினாங்கின் தஞ்சோங் பூங்கா என்னும் கடலோரப் பகுதியில் கடலைப் பார்த்து நிற்கும் இரும்புக் கேட்டின் பூட்டு என்றால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். நீரை விரட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்ட தெளிப்பான் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். அதன் கரைப்பான் ஆவியாகிவிடுவதால் அடிக்கடி அடிக்க நேரும் என்பதே குறை. கிராஃபைட்டோ நீரை விரட்டாது, துருவையும் தடுக்காது. அதைவிட, மின்சாரத்தைக் கடத்தும் அது உப்புநீரில் வேறு உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த உலோகத்தின் அரிப்பை விரைவுபடுத்தும். அலுமினியம் இதற்கு எளிதில் பலியாகும் என்பதால், கடலோர வீடுகளின் அலுமினியப் பூட்டுகளில் இத்தூளை இடாதிருப்பதே நல்லது.

அவசரத்துக்குப் பென்சிலும் உதவும். அதன் கரிக்குச்சியில் களிமண் கலந்திருப்பதால், கிராஃபைட் மிகுந்த 6பி போன்ற மென்மையான வகையைச் சாவியின் பற்களில் தேய்க்கலாம். ஏற்கெனவே எண்ணெய் பட்ட பூட்டில் மட்டும் தூளைச் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கருஞ்சேறாகி ஊசிகளைச் சிக்கவைக்கும். மின்னணுப் பூட்டின் சுற்றுப்பலகைப் பக்கம் கிராஃபைட்டைக் கொண்டுசெல்லவே வேண்டாம். சிந்திய தூள் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம்.