வெள்ளைப் பொட்டுக்குக் கீழே ஓட்டை இல்லை

கரையானுக்கு மருந்தடிக்க 13,800 ரூபாய் கொடுத்தேன். வீடு முழுக்க வெள்ளை சிமெண்டில் பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சேலத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிற யோசனையில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். யார் பெயரையும் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கு வேறு கார்டு அடிப்பார்கள். செய்கிற விதம் மட்டும் மாறாது.

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்கு நடந்து போகிற தூரம். அப்பா 1994இல் கட்டியது. தரைத்தளம் 1,150 சதுர அடி. வாசல் நிலை தேக்கு. உள்ளே இருக்கிற நிலைகள் என்ன மரம் என்று அப்பாவுக்குத்தான் தெரியும், அவர் இப்போது இல்லை.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை அறை நிலைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அம்மா, "கண்ணு, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அவருடைய கட்டைவிரல் நிலைக்குள் பாதி போயிருக்கிறது. வெளியே பெயிண்ட் அழகாக இருக்கிறது. உள்ளே மரமே இல்லை. அழுத்திய இடத்திலிருந்து செம்மண் பொலபொலவென்று கொட்டியது, அதோடு நாலைந்து வெள்ளைப் பூச்சி.

அந்த நேரத்தில்தான் சமையலறையை மாற்றி மாடுலர் கிச்சன் போட ஓர் இன்டீரியர்காரரிடம் பேசி முடித்திருந்தோம். மொத்தம் 4,60,000 ரூபாய், ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அவரிடம் நிலையைக் காட்டினேன். "இதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க மேடம், நம்ம பையன் இருக்கான். மருந்தை அடிச்சுட்டு அப்புறம் கிச்சன் வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்றார். முதலில் மருந்து, பிறகு கிச்சன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த வரிசைதான் பின்னால் எங்கள் கழுத்தைப் பிடித்தது, அதைச் சொல்கிறேன்.

"நம்ம பையன்" வந்தார். முப்பது வயது இருக்கும், சட்டையில் கம்பெனி பெயர் தைத்திருந்தது. டார்ச் அடித்துப் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு கொல்லைப்புறம் போய் எங்கள் குண்டு மாமரத்தின் முன்னால் நின்றார். அடிமரத்தில் இரண்டு அடி உயரத்துக்கு மண் படர்ந்திருந்தது உண்மைதான். "இதுதான் மேடம் தாய் வீடு. இதை எடுத்தாத்தான் உங்களுக்கு நிம்மதி. வெட்டறதுக்கு ஆள் நானே கூட்டிட்டு வர்றேன், கூலி ஒண்ணும் வேண்டாம், மரத்தை அவங்க எடுத்துக்குவாங்க" என்றார்.

நான் நம்பிவிட்டேன். கரையானைக் கண்ட பயத்தில் வீட்டையே இடிக்கச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன். அம்மாதான் விடவில்லை. "முப்பது வருசமா காய்க்கிற மரம் தம்பி. அது மேல் பட்டையைத்தான் திங்குது" என்று சொல்லிவிட்டு, அரிவாளைத் திருப்பிப் பிடித்து அந்த மண்ணை ஒரு சுரண்டு சுரண்டினார். கீழே பட்டை பச்சையாக, ஈரமாக இருந்தது. மாமரத்தில் கரையான் பெரும்பாலும் காய்ந்த மேல்பட்டையைத்தான் தின்னும் என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இந்த வைகாசியில் அந்த மரம் கொடுத்த பழத்தைத் தெருவுக்கே பங்கு வைத்தோம். கூலி வாங்காமல் மரம் வெட்ட வருகிறேன் என்று யாராவது சொன்னால், மரத்துக்கு விலை போட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

சதுர அடிக்கு 12 ரூபாய், பத்து வருட உத்தரவாதம் என்று பேச்சு முடிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒரு டிரில் மெஷின், முதுகில் மாட்டுகிற 16 லிட்டர் ஸ்பிரேயர் ஒன்று, ஒரு பழைய தண்ணீர் கேன். கேனில் லேபிள் இல்லை. உள்ளே இருந்ததைத் தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெள்ளையானது. "பாருங்க அக்கா, ஒரிஜினல் மருந்து" என்று பையன் காட்டினான். எனக்கு அப்போதே மூக்கில் ஏதோ இடித்தது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை வாசனை. கேட்டதற்கு, "நாத்தம் தெரியாம இருக்க ஃபினாயில் கொஞ்சம் கலப்போம் அக்கா" என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது இங்கேதான். குளோர்பைரிபாஸ் 20 இ.சி. என்கிற கரையான் மருந்தைத் தண்ணீரில் கலந்தால் வெள்ளையாகும், சரி. ஆனால் கடையில் விற்கிற வெள்ளை ஃபினாயிலைத் தண்ணீரில் ஊற்றினாலும் அதே வெள்ளைதான். குளோர்பைரிபாஸ் என்றால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு காட்டமான வாடை வரும். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்கிற இன்னொரு மருந்துக்கு வாடையே அவ்வளவாகக் கிடையாது. பூச்சிமருந்து டப்பா என்றால் லேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் அளவைக் காட்டும் முக்கோணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத கேனிலிருந்து எது வந்தாலும் அது தண்ணீர் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லை, முகமூடி இல்லை. அந்தப் பையன்கள் பயமில்லாமல் வெறுங்கையால் கலக்கியதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஹாலில் வேலை நடந்தபோது நான் அடுப்படியில் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். டிரில் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சத்தம் கேட்கிறது, அதனால் வேலை நடக்கிறது என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. சுவரோரம் டைல்ஸ் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்று வீதம் வெள்ளை சிமெண்ட் பொட்டு, வரிசையாக, கோலப்புள்ளி மாதிரி. பார்க்கவே திருப்தியாக இருந்தது. பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். அது கம்பெனி கணக்குக்குப் போகவில்லை, ஏதோ ஒரு பெண் பெயருக்குப் போனது. பில் கேட்டதற்கு உத்தரவாத அட்டையைக் கொடுத்து, "இதுதான் மேடம் பில்லு" என்றார்கள்.

மாசியில் கிச்சன் வேலை ஆரம்பித்தது. பழைய மேடையை இடித்து, தரையைக் கொத்தி, புது டைல்ஸ் போட்டார்கள். பங்குனிக் கடைசியில் முடிந்தது. வைகாசி பிறந்து முதல் நல்ல மழை. இரவு எட்டு மணி இருக்கும். புது கிச்சனில், சிங்க்குக்குக் கீழே இருக்கிற கப்போர்டு இடுக்கிலிருந்து ஈசல் வந்தது, அதாவது இறக்கை முளைத்த கரையான். ஒன்று இரண்டு இல்லை. டியூப்லைட்டைச் சுற்றிச் சத்தமே கேட்கிற அளவுக்கு. ஈசலை வறுத்துப் பொரியோடு தின்று வளர்ந்தவள்தான் நான், ஈசலைக் கண்டு பயமில்லை. ஆனால் ஜன்னல் வழியாக வெளியிலிருந்து வருகிற ஈசல் வேறு, வீட்டுத் தரைக்குள்ளிருந்து கிளம்புகிற ஈசல் வேறு. காலையில் ஒரு முறம் இறக்கை கூட்டினேன்.

போன் செய்தேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "கார்டைத் திருப்பிப் பாருங்க மேடம்" என்றார் அந்தக் கம்பெனிக்காரர். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், மருந்தடித்த பிறகு தரையிலோ சுவரிலோ கட்டட வேலை செய்தால் உத்தரவாதம் செல்லாது என்று இருந்தது. மருந்து தடுப்பது மண்ணில் ஊறி நிற்பதால்தான், தரையைக் கொத்தினால் அந்தத் தடுப்பு உடைந்துபோகும், அது நியாயமான நிபந்தனை. ஆனால் கொத்தப்போகிறோம் என்று தெரிந்தேதான் மருந்தை முதலில் அடிக்கச் சொன்னார்கள். அட்டையில் இருந்த விலாசத்துக்கு என் வீட்டுக்காரர் நேரில் போனார். சூரமங்கலம் பக்கம். அங்கே செல்போன் ரிப்பேர் கடை இருந்தது.

அன்று மாலை சோபாவை நகர்த்திப் பெருக்கும்போது ஒரு வெள்ளைப் பொட்டு துடைப்பம் பட்டுப் பெயர்ந்து வந்தது. காசு கனத்துக்கு ஒரு தகடு. கீழே டைல்ஸ் இடுக்கு அப்படியே இருந்தது. ஓட்டையே இல்லை. ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாலில் மொத்தம் 41 பொட்டு. ஆணி உள்ளே இறங்கியது 13இல். அந்த 13உம் எங்கே இருந்தன தெரியுமா? அடுப்படியில் நின்றால் கண்ணில் படுகிற சுவரில். சோபாவுக்குப் பின்னால், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குக் கீழே எல்லாமே வெறும் பொட்டு. இதற்கு இவ்வளவு திட்டமிடுகிற மூளை, அதில் பாதி உழைத்திருந்தால் வேலையே முடிந்திருக்கும்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கட்டி முடித்த வீட்டுக்குக் கரையான் மருந்தடிக்க இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் அகலத்தில், 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, மண் குடிக்கிற வரை மருந்து இறக்க வேண்டும், ஓர் ஓட்டைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர். எங்கள் வீட்டுச் சுவர்களின் உள்பக்க ஓரத்தை டேப் வைத்து அளந்தால் 310 அடி. ஏறக்குறைய 310 ஓட்டை. பாதிப் பாதி லிட்டர் இறங்கினால்கூட 155 லிட்டர். அவர்கள் அன்று ஸ்பிரேயரை நிரப்பியது மூன்று முறை. 48 லிட்டர், அதுவும் ஃபினாயில் தண்ணீர்.

அப்போதுதான் இன்டீரியர்காரர் மேலும் சந்தேகம் வந்தது. ஒப்பந்தத்தில் பிளைவுட் ஐ.எஸ். 710 என்று எழுதியிருந்தார், கொதிநீர் தாங்குகிற ரகம். முதல் நாள் இறக்கிய பலகைகளில் முத்திரை இருந்ததை நானே பார்த்தேன். அடுத்தடுத்த நாள் வந்ததை யார் பார்த்தது? மிச்சம் கிடந்த துண்டுகளில் இரண்டை எடுத்துக் கொல்லையில் அண்டாவில் போட்டு விறகடுப்பில் மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தேன். அம்மா "என்ன கண்ணு, கிழங்கா வேகவைக்கற?" என்றார். ஒரு துண்டு அப்படியே இருந்தது. இன்னொன்று பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. ஐ.எஸ். 710 என்றால் 72 மணி நேரம் கொதித்தாலும் பிரியக்கூடாது. சிங்க்குக்குக் கீழே எதை வைத்திருக்கிறார் என்று கேட்டேன். "அது எல்லாம் ஒரே மெட்டீரியல்தான் மேடம், நீங்க ஏன் அதைப் போய் வேகவைக்கறீங்க" என்று என் மேலேயே கோபம்.

ஆணி குத்துகிற வீடியோவையும் பிரிந்த பலகைப் படத்தையும் அனுப்பினேன். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரும் பதிந்தேன். பில் இருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. என்னிடம் இருந்தது ஜிபே பதிவும் அட்டையும் வாட்ஸ்அப் பேச்சும்தான். நல்லவேளை, பேச்சு எதையும் அழித்திருக்கவில்லை. புகார் பதிந்த பத்தாவது நாள் இன்டீரியர்காரர் தானே வந்து 6,000 ரூபாயை மேசையில் வைத்தார். "பையன் தப்புப் பண்ணிட்டான்" என்றார். அந்தப் பையன் கொடுத்த கமிஷன் எவ்வளவு என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பிளைவுட்டைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம் என்பதால் என் வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆடியில் வேறொருவரைக் கூப்பிட்டோம். இந்தத் தடவை முதலில் கேட்டது உரிமம். காசு வாங்கிக்கொண்டு வீடுகளில் மருந்தடிக்க 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும். அவர் முகம் சுளிக்காமல் போனில் இருந்து எடுத்துக் காட்டினார். இமிடாகுளோபிரிட் பாட்டிலை எங்கள் முன்னால்தான் சீல் உடைத்தார், லிட்டருக்கு 2.1 மில்லி என்று அளவுக் குழாயில் எடுத்து ஊற்றினார். பழைய பொட்டுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதோட சேத்து இந்த வருசம் நாலாவது வீடுங்க" என்றார். ஒன்றரை நாள் வேலை, 220 லிட்டர் இறங்கியது, 19,500 ரூபாய். உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு மேல் எழுதித்தர மாட்டேன் என்றார். பத்து வருடம் என்றவரைவிட இவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

கன்னங்குறிச்சி, அழகாபுரம், அஸ்தம்பட்டிப் பக்கம் கடந்த ஒரு வருடத்தில் சதுர அடி 12 ரூபாய்க்குக் கரையான் மருந்தடித்தவர்கள், இன்றைக்கே சோபாவை நகர்த்தி, பின்னால் இருக்கிற பொட்டில் ஓர் ஆணியை வைத்து அழுத்திப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் பெயர்ப்பதற்கு முன்னால் வீடியோவை ஓடவிடுங்கள். நான் முதல் பத்துப் பொட்டை வீடியோ இல்லாமல் பெயர்த்துவிட்டேன், இப்போது மனுவில் சோதித்துப் பார்த்த பொட்டு 41 என்பதற்குப் பதில் 31 என்றுதான் எழுத முடிகிறது.